லாயக்கில்லை என்று ஒரு துண்டு

1

போன வாரம் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இங்கிலாந்துக்கு வந்து பதினாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எச்சரிக்கை வாங்குவது இதுதான் முதல் தடவை. "அங்கீகரிக்கப்படாத முறையில் ஒருவரைத் தூக்கிச் சென்றது" என்று குற்றத்துக்குப் பெயர் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன். கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. களைப்புதான் வந்தது. இப்போதெல்லாம் எது நடந்தாலும் எனக்கு முதலில் களைப்புதான் வருகிறது.

நான் வேலை செய்யும் இடம் ஆஸ்பத்திரி இல்லை. கை கால் விளங்காதவர்கள் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் ஒரு விடுதி. வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதத்தில், நடக்க முடியாதவர்களில் சிலரைக் கடல் பார்க்க ரயிலில் கூட்டிப்போவோம். கூட்டிப்போவோம் என்பது பெரிய வார்த்தை. கடற்கரைச் சாலையில் ஓர் இரும்புக் கம்பிவேலி உண்டு. சக்கர நாற்காலிகளை அதன் ஓரமாக வரிசையாக நிறுத்தி, பிரேக் போட்டு, முழங்காலில் கம்பளியைப் போர்த்தி, கையில் ஐஸ்கிரீம் கொடுத்துவிடுவோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஏழு படி. அதற்கப்புறம் கூழாங்கல். அதற்கப்புறம் கடல்.

டோரத்தி என்ற அம்மா ஒன்பது வருஷமாக அந்த வேலியிலிருந்து கடலைப் பார்க்கிறார். எழுபது வயதிருக்கும், காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. இந்த வருஷம் ஐஸ்கிரீமை வாங்க மறுத்துவிட்டார். ஒன்பது ஐஸ்கிரீம் தின்றாயிற்று, ஒரு தடவையாவது காலை நனைத்தேனா என்று கேட்டார். சத்தம் போட்டெல்லாம் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

கீழே ஒருவர் வாடகைப் படகுகளை வைத்திருந்தார். அவரிடம் இரண்டு நீளத் துடுப்புகளும் ஒரு மர நாற்காலியும் இருந்தன. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. இறங்கிப்போய் அவற்றைக் கேட்டு வாங்கினேன். துடுப்புகளை நாற்காலியின் இரண்டு பக்கமும் வைத்து, கொண்டுபோயிருந்த விரிப்புத் துணிகளைக் கிழித்துக் கட்டினேன். முன்னங்காலில் ஒரு சுற்று, பின்னங்காலில் இரண்டு சுற்று, முதுகுச் சட்டத்தில் குறுக்கே ஒன்று. படகுக்காரர் ஒரு முனை, பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகள் இரண்டு முனை, நான் ஒரு முனை. டோரத்தியின் கால் தண்ணீரில் நனைந்தது. இவ்வளவு குளிர் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்றார். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த முடிச்சை எங்கே கற்றாய் என்று விசாரணையில் கேட்டார்கள். பயிற்சியில் கற்றதா, புத்தகத்தில் உள்ளதா என்று கேட்டார்கள். கொட்டகலையில் என்றேன். அதை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

2

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே. என் அண்ணன் சவரிமுத்து, நிழல் மரத்துக் கிளை வெட்டும்போது விழுந்தான். நான் இங்கே வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

தோட்டத்தில் சக்கர நாற்காலி வைத்து என்ன செய்ய? லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே நூற்றுக்கு மேல் படி, அதுவும் மண்ணில் வெட்டிய படி. ஆனால் அண்ணன் வீட்டில் கிடக்கிற ஆள் இல்லை. பத்து வயதிலேயே பதுளை ரயில் எத்தனை மணிக்கு எந்த ஸ்டேஷனைத் தாண்டும் என்று ஒப்பிப்பான். ஊர் பார்க்கிற ஆசை அவனுக்கு அப்படி. விழுந்து நாலு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தவன், ஐந்தாவது மாதம், என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்க என்று அடம்பிடித்தானாம்.

எங்கள் தோட்டத்தில் மாதா கோயில் ஒன்று உண்டு. திருநாளுக்கு மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போவார்கள். அந்தச் சப்பரத்தின் கம்புகள் இரண்டும் வருஷம் முழுக்கக் கோயில் மூலையில் சாத்தியிருக்கும். பக்கத்து லயத்து ஆட்கள், பேக்டரியில் கழித்துப்போட்ட நாற்காலி ஒன்றை எடுத்து, அந்தக் கம்புகளில் கட்டினார்கள். கோயில் மூப்பர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவரே, "மாதா திருநாளுக்குத்தானே கேக்குறாங்க, மத்த நாளு கம்பு சும்மாதானே கெடக்கு, கொண்டு போங்கப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாதாவுக்கு வருஷத்தில் ஒரு நாள், அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர்வலம்.

அவன் விழுந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் ஊருக்குப் போனேன். மூன்று வாரம் இருந்தேன். அந்த ஞாயிறுகளில் அவர்கள் முடிச்சுப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நானும் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன், விடவில்லை. "நர்சம்மா, நீங்க தள்ளிக்குங்க, சீலை அழுக்காயிரும்" என்றார்கள். எனக்கும் அது ஒரு பெருமையாக இருந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

கொட்டகலை ஸ்டேஷனில் அண்ணனை பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கிவைப்பார்கள். ரயில் வந்து நிற்கும். ஜன்னலில் வெள்ளைக்கார டூரிஸ்ட்டுகள் தலையை நீட்டித் தேயிலை மலையைப் படம் எடுப்பார்கள். ஒருவர் அண்ணனையும் சேர்த்துப் படம் எடுத்தார். அண்ணன் சிரித்துக்கொண்டு, "ஊரு உலகத்துல இருந்து நம்ம மலையப் பாக்க வாராங்க, நம்ம நாலஞ்சு ஸ்டேஷன் தாண்டி நானுஓயாவப் பாக்க வழியில்ல" என்றான். பெட்டியின் வாசல் குறுகல், படி உயரம். நாற்காலி நுழையாது.

சும்மா உட்கார்ந்திருந்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பார்த்து, தானாகவே திருத்தப் பழகினான். கடைத்தெருவிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். லயத்து ஜன்னலோரம் ஒரு பலகை, அதன்மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் கடிகாரங்கள். தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் கைக்கடிகாரத்தைக்கூட அவன்தான் ஓட்டினான். ஆனால் அதை நாங்கள் யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அது ஏன் என்று சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

3

இங்கே காலையில் ஏழரைக்கு நர்சுகள் எல்லோரும் ஓர் அறையில் கூடி, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொள்வோம். மனதுக்குள் நான் அதைத் தோட்டத்து வழக்கப்படி பெரட்டு என்றுதான் சொல்கிறேன். ஒரு நாள் வாய் தவறி வெளியேயும் சொல்லிவிட்டேன். பெரட்டுக்கு நேரமாயிற்று என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. பதினாறு வருஷம் போயும் நாக்கு தோட்டத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

கடல் பயணத்துக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நடக்க முடியுமா, படியேற முடியுமா, தானாகச் சாப்பிட முடியுமா, தானாகக் கழிவறை போக முடியுமா. இரண்டு பக்கமும் முடியுமா, முடியாதா என்றே போகும். எதைப் பார்க்க ஆசை என்று ஒரு வரி கிடையாது. வருஷாவருஷம் நான் "முடியாது, முடியாது" என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

படிவம் போனபிறகு ரயில். நீங்கள் நம்ப மாட்டீர்கள், இந்தப் பெரிய தேசத்திலும் சக்கர நாற்காலிக்காரர்களைச் சாமான் வான் என்கிற சரக்குப் பெட்டியில்தான் ஏற்றுகிறார்கள். தபால் மூட்டை, சைக்கிள், நாய்க்கூடு, டோரத்தி. குளிரும், இருட்டாகவும் இருக்கும். பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் நான். ஜன்னல் உள்ள பெட்டியில் இடம் தரச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பதில் வந்தது, மிக மரியாதையான பதில். இடம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகன் பீட்டர் தொலைக்காட்சி முன்னால் இருப்பான். பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அதுவும் பாதிதான் சொல்வான். அண்ணனை மாமா என்று அவன் சொன்னதே இல்லை. "உங்க அண்ணன்" என்பான். மகள் ஷீலா, பதினாலு வயது, உடைந்த தமிழானாலும் பேசிப் பார்ப்பாள். அந்த உடைந்த தமிழில்தான் எனக்கு அடி விழப்போகிறது என்று அப்போது தெரியாது.

4

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் துண்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் டிஸ்பென்சர் ஐயா எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. காய்ச்சல் நெற்றியில் கொதித்தாலும் துண்டு இல்லாவிட்டால் காய்ச்சல் இல்லை. பெரட்டில் "துண்டு எங்க?" என்ற கேள்விக்குக் காட்ட காகிதம் இருந்தால்தான் நீ நோயாளி. ஆஸ்பத்திரிக்கு லொறி கிடைக்கவும் துண்டு, லயத்து அறையைப் பிடுங்காமல் இருக்கவும் துண்டு. அண்ணனிடம் இருந்தது துண்டுகளுக்கெல்லாம் ராஜா: "எந்த வேலைக்கும் நிரந்தரமாக லாயக்கில்லாதவர்." அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தான். கடிகாரப் பலகையை வெளியே சொல்லாததும் அதனால்தான். வேலை செய்கிறான் என்று தெரிந்தால் துண்டு செல்லாது. முடியாது என்று காட்டிக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாலோடு குடித்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை இங்கே ஒரு மாதம் வரவழைத்துக் கடல் காட்ட முடிவு செய்தேன். விசா கட்டாயம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்த சமயம். படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். தொழில் என்ற இடத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். கூடவே ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் துண்டை மறக்காமல் மேலே வை, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் ஒன்றும் முடியாது என்று சொல், அப்போதுதான் இரக்கப்படுவார்கள் என்று. பதின்மூன்று வருஷம் இங்கே வாழ்ந்தவள், படித்தவள், நர்ஸ், எழுதின கடிதம் இது.

அண்ணியும் லயத்து ஆட்கள் மூன்று பேரும் அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் நாற்காலி பெட்டிக்குள் நுழையவில்லை. ரயில் கார்ட் மாத்தயா (சிங்களத்தில் ஐயா) நல்ல மனுஷர். சாமான் வானைத் திறந்து, லீக்ஸ் காய்கறிக் கட்டுகளை ஒதுக்கி, அண்ணனுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். லீக்ஸ் வாசத்தோடே கொழும்பு வரை போனான். வழியில் இரண்டு இடத்தில் அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள். நாடு அப்போது இருந்த நிலை அப்படி.

விசா கந்தோர், அதாவது ஆபீஸ், மாடியில் இருந்தது. கம்புகளை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாட்ச்மேன் தடுத்துவிட்டார். கீழே காத்திருந்த இரண்டு மணி நேரத்தில், அந்த வாட்ச்மேனின் கையில் கடிகாரம் நின்றுபோயிருப்பதை அண்ணன் பார்த்திருக்கிறான். கழற்றி வாங்கி, சட்டைப் பையில் வைத்திருந்த சின்னத் திருப்புளியால் திறந்து, ஓடவிட்டுக் கொடுத்திருக்கிறான். வாட்ச்மேன் சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாராம். பிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கத்து லயத்து ஆள் ஒருவரின் முதுகில் ஏறி, மாடிக்குப் போய், துண்டை மேசைமேல் வைத்து, நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னான்.

"நமக்கு ஒண்ணுமே செய்ய ஏலாதுங்க ஐயா."

திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கொஞ்ச தூரத்தில் கடல். அண்ணி, வந்தது வந்தோம், ஓர் எட்டு காட்டிவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் வேண்டாம் என்றானாம். "கடலு எங்க ஓடிரப்போகுது. தங்கச்சிகிட்ட போறப்ப மேல பிளேன்ல இருந்தே முழுசாப் பாத்துக்கலாம்."

விசா மறுத்துவிட்டார்கள். காரணத்தை எழுதியிருந்தார்கள், அந்தக் கடிதம் என் விலாசத்துக்கும் வந்தது. தொழில் இல்லை, எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று அவரே சான்று தந்திருக்கிறார், தங்கை மருத்துவத் துறையில் இருக்கிறார், ஆகவே ஊர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை. அவ்வளவுதான். சுற்றுலாப் போகிறவனுக்குத் திரும்பிப்போக ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். அவனுக்கு இருந்தது. கடிகாரங்கள் டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருந்த அந்த வாழ்க்கையை அழித்து "ஒன்றும் இல்லை" என்று எழுதியது என் கை.

5

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. அங்கே வந்த கடிதத்தைப் பிரிக்காமல் எனக்கு அனுப்பிவிட்டு, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டான். சரியான சான்று போதவில்லையாம் என்று எழுதினேன். பொய். அந்த நேரத்தில் அது ஆறுதலான பொய்யாகத் தெரிந்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் அது உதவியது.

அடுத்த வருஷம் ஒரு தபால் வந்தது. உள்ளே புதுத் துண்டு ஒன்று. டிஸ்பென்சர் ஐயாவிடம் கெஞ்சி, இன்னும் பலமாக எழுதி வாங்கியிருந்தான். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று, அதில் ஆஸ்பத்திரி முத்திரையும் இருந்தது. இந்த மாதம் மூன்றாவது வந்தது. "முற்றாகவும் நிரந்தரமாகவும் எந்தப் பயனுமற்றவர்" என்கிற அளவுக்கு ஆங்கிலம் போயிருக்கிறது. அதன் பின்பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து, கடிகாரத்து முள்ளைப் போல மெல்லிய எழுத்து:

"தங்கச்சி, இது போதுமா? போதலைன்னா சொல்லு, இன்னும் பலமா எழுதி வாங்குறேன். ஐயா நல்ல மனுசன், மாட்டேங்க மாட்டாரு."

அதை நான் சமையலறை மேசையில் வைத்துவிட்டேன், ஷீலா எடுத்துப் பார்த்தாள். அவளுடைய அறையில் இருக்கிற மணிக்கூடு, நான் ஊருக்குப் போனபோது மாமா திருத்திக் கொடுத்தனுப்பியது. அதைக் காட்டி, "அம்மா, மாமா வேலை செய்றாங்கதானே? ஏன் இப்பிடி எழுதி இருக்கு?" என்று கேட்டாள். அப்படிக் காட்டினால்தான் உதவுவார்கள் என்று சொன்னேன். "உதவினாங்களா?" என்றாள். கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

அது நடந்தது திங்கட்கிழமை. கடலுக்குப் போனது வியாழக்கிழமை. டோரத்தி ஐஸ்கிரீமை மறுத்தபோது எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை என்று மேலே எழுதினேன். தெரியும்.

6

இந்தக் குறிப்பு வரும் பத்திரிகை கொட்டகலைக் கடைத்தெருவுக்கு வரும். கடைக்காரர் படித்துவிட்டு அண்ணனுக்குக் கொடுத்தனுப்புவார் என்பதும் தெரியும். தனிக் கடிதத்தில் எழுத எத்தனையோ நாள் உட்கார்ந்தேன். அன்புள்ள அண்ணனுக்கு என்பதோடு பேனா நின்றுவிடும். நாலு பேர் பார்க்க எழுதினால்தான் பின்வாங்க முடியாது என்று இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, சான்று போதாமல் இல்லை. அந்தத் துண்டால்தான் மறுத்தார்கள். வைக்கச் சொன்னது நான். ஒன்றும் முடியாது என்று சொல்லச் சொன்னதும் நான். மூன்று வருஷமாக நீ எதை வாங்கி வாங்கி அனுப்பினாயோ, அதுதான் கதவைச் சாத்தியது. என்னை மன்னித்துக்கொள். புதுப் படிவம் அனுப்பியிருக்கிறேன். தொழில் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். கடிகாரம் திருத்துகிறவன் என்று உன் கையாலேயே எழுது. கண்டாக்கு ஐயாவிடமும் கடைத்தெரு ஆட்களிடமும் கையெழுத்து வாங்கு. தோட்டத்தில் அதனால் தொந்தரவு வரலாம், அந்தத் துண்டும் செல்லாமல் போகலாம். அதையும் யோசித்து நீயே முடிவு செய். இந்தத் தடவை உனக்காக நான் எதையும் நிரப்ப மாட்டேன்.

இங்கே ரயிலிலும் சாமான் வான்தான், லீக்ஸ் வாசம் மட்டும் இருக்காது. இங்கேயும் படிதான். அதை மறைக்கவில்லை. படகுக்காரரிடம் போய்ப் பேசினேன். துடுப்பும் நாற்காலியும் எப்போது கேட்டாலும் தருகிறேன் என்றார். ஆனால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, இனித் தூக்க வர மாட்டார். நாலு முனைக்கு நாலு பேர் வேண்டும். என் வீட்டுக்காரர், ஷீலா, நான்.

நேற்று மாலை பீட்டரிடம் கேட்டேன். எச்சரிக்கைக் கடிதத்தையும் காட்டினேன். அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரி, கேட்டது போதும் என்று எழுந்துகொள்ளப் போனேன். அப்போது அவன் ஆங்கிலத்தில், மாமா எவ்வளவு கனம் இருப்பார் என்று கேட்டான். மாமா என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னான்.

பதினாறு வருஷமாக முன்பின் தெரியாதவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கிறேன். இந்த விடுதியில் ஒவ்வொருவர் கனமும் என் கைக்குத் தெரியும். என் அண்ணனை நான் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.